தட்டிப் பார்த்த வண்டி

கட்டிலும் அடுப்படியும் உள்ளேயே வைத்து ஊர் சுற்றும் வீட்டு வண்டி விற்கும் கடையில் அன்று விற்பனையாளனுக்கு இருப்புக் கொள்ளவில்லை, பாவம். குளத்துமேட்டில் அவன் புரோக்கர் மூலம் புதிதாக வாங்கிய வீட்டு வாசலில், சாமான் லாரியோடு அவன் மனைவி காத்திருக்கிறாள். இந்த ஒரு வண்டியை விற்றுத் தள்ளிவிட்டால் அங்கே பறந்துவிடுவான்.

வாங்க வந்த பெரியவரோ விடுவதாக இல்லை. சுவர் முழுக்கத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். கட்டில்மேல் ஏறிக் குதித்தார். கடைசியில் தன் மனைவியைக் குடையோடு உள்ளே உட்காரவைத்து, விற்பனையாளனைக் கூரையில் ஏற்றி வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றவைத்தார்.

"ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்லைங்க. குடையை மடக்கட்டுமா?"

"பொறு. ஜன்னலுக்குக் கீழே தடவிப் பாரு. ஏமாத்துறவன் அங்கதான் கைவரிசையைக் காட்டுவான்."

விற்பனையாளன் இறங்கிச் சட்டையைப் பிழிந்தான். "ஊர் சுத்தற வண்டிக்கு இவ்வளவு சோதனையா சார்?"

"ஊர் சுத்தவா? இனி இதுலதான் தம்பி குடித்தனம். இருந்த வீட்டுல, கூரை எப்ப தலையில விழுமோன்னு தூக்கமே போச்சு."

"கட்டினவனைப் பிடிச்சு உலுக்க வேண்டியதுதானே?"

"தினமும் உலுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் உள்ளே இருந்த அம்மாள். "இதோ, உங்க முன்னாடிதான் நிக்கிறார்."

பெரியவர் தலையைச் சொறிந்தார். "குளத்துமேட்டுல நான் கட்டினதுதான். நல்லவேளை, புரோக்கர் யாரோ ஒரு அப்பாவி தலையில கட்டிட்டான். நேத்துதான் காலி பண்ணினோம்."

விற்பனையாளன் ஈரக் கையோடு மனைவிக்குப் போன் போட்டான்.

"சாமானை இறக்காதே. லாரிச் சுவரைத் தட்டிப் பாரு. கெட்டியா இருந்தா, டிரைவர் அதை விப்பாரான்னு கேளு."