வச்சிரவேலுவின் வெங்காயம்

டீக்கடைக்காரர் யாரைத் திட்டினாலும், "வடைக்கு ஆசைப்பட்டு மாட்டின எலி மாதிரி முழிக்காதே" என்றுதான் திட்டுவார். அடுப்படி மூலையில் குடியிருந்த வச்சிரவேலு என்ற எலிக்கு இதைக் கேட்டாலே மீசை துடிக்கும்.

"எவன் எங்கே மாட்டினாலும் நம்ம குலத்தையே இழுக்கிறானே! நானெல்லாம் அந்த வடையை ஏறெடுத்துப் பார்ப்பேனா?" என்று கரப்பானிடம் பொருமும்.

அன்று எலிப்பொறியில் புதுசாக ஒரு மசால் வடை தொங்கியது. கரப்பான் கம்பி இடுக்கில் நுழைந்து, பார்த்துவிட்டு வந்தது.

"அண்ணே, வடையில வெங்காயமே இல்ல."

"போடா மடையா! வெங்காயம் போடாம எவன்டா மசால் வடை சுடுவான்? எனக்கு இங்கேயே வாசம் வருது."

"கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன்ல?"

"நீ பாத்த லட்சணம்! மறுபக்கம் திருப்பிப் பாத்தியா?"

"இல்லண்ணே."

"அப்புறம் என்ன, பேச வந்துட்ட!"

வச்சிரவேலு விறுவிறுவென்று பொறிக்குள் போய் வடையைத் திருப்பியது. படாரென்று கதவு விழுந்தது.

"இந்தா பாருடா, எத்தாம்பெரிய வெங்காயம்!" என்று வெற்றியோடு கூவியது. பிறகுதான் கதவைப் பார்த்தது.

"டேய், நான் வடைக்கு ஆசைப்பட்டேன்னு நாளைக்கு எவனாவது சொன்னா, நீதான் சாட்சி. ஒரு வாய்கூடக் கடிக்கல."

"சத்தியமா கடிக்கலண்ணே" என்றது கரப்பான், மறுபடியும் கம்பி இடுக்கில் நுழைந்துகொண்டே. "அப்ப அதை நான் எடுத்துக்கவா?"