பெயர் மாற்றப்பட்ட ஃபோர்மேன்

துவாக்குடிப் பட்டறையில் வெல்டராக இருக்கும் தமிழ்மணி எழுதிய கதை வார இதழில் வந்திருந்தது. தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்கும் ஒரு வெல்டரை, கல்யாணத்தன்றே இரண்டு ஷிஃப்ட் நிற்கவைக்கும் ஃபோர்மேனைப் பற்றிய கதை. தன் ஃபோர்மேன் வீரமலையை அப்படியே எழுதி, பெயரை மட்டும் மாற்றியிருந்தான்.

“அந்தாளு நடையைக்கூட விடலையேடா, மாட்டுனே” என்றார்கள் கூட வேலை பார்ப்பவர்கள்.

மறுநாள் காலையில் வீரமலை கூப்பிட்டார். மேசைமேல் அந்த இதழ் கிடந்தது. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே தமிழ்மணி போய் நின்றான்.

“நேத்து ஸ்ரீரங்கம் பஸ்ல படிச்சேன். இறங்குற ஸ்டாப்பையே விட்டுட்டேன். கதைல வர்றது யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“சும்மா கற்பனைதாண்ணே.”

“பொய் சொல்லாத. அந்த வெல்டர் நான்தானே? நான் வெல்டரா இருந்தப்போ பட்டதெல்லாம் உனக்கு யாருப்பா சொன்னது?”

தமிழ்மணிக்கு மூச்சு திரும்பியது. கொஞ்சம் தைரியமும் வந்தது.

“அப்ப அந்த ஃபோர்மேன் யாருண்ணே?”

“என்னோட பழைய ஃபோர்மேன் காத்தமுத்து. ஈவு இரக்கம் இல்லாத ஆளு. படிச்சாவது புத்தி வரட்டும்னு, நேத்து சாயங்காலமே அவனுக்கும் ஒரு புத்தகம் வாங்கிக் குடுத்துட்டேன்.”

“படிச்சிட்டு என்ன சொன்னாரு?”

வீரமலை தலையில் அடித்துக்கொண்டார்.

“காலைல போன் பண்ணி அழறான்யா. அந்த வெல்டர் அவன்தானாம்.”