கல்லாற்றுக்காரன்

ஆஸ்பத்திரி மாடிப்படியில் கோலப்பன் முன்னால் ஏறினார். பொன்னம்மை சற்றுப் பின்னால் வந்தாள். நோயாளியைக் கூட்டிவருகிறவன்தானே முன்னால் போய் டாக்டர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது அவர் நியாயம்.

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலருகே தேங்காய்க் கடை வைத்திருக்கும் மனிதர். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியைச் சங்குமுகம் கடற்கரைக்குக்கூடக் கூட்டிப் போனதில்லை. கடையை யார் பார்ப்பது? அப்படிப்பட்டவரிடம் ஒரு சாயங்காலம் பொன்னம்மை, "மத்தியானம் என்னைக் கல்லாத்துக்குக் கூட்டிட்டுப் போனியளே, எனக்கு அது போதும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் அவர் கடையில் தேங்காய் மூட்டைமேல் சாய்ந்து, விளக்கு வைக்கும் நேரம்வரை அடித்துப் போட்டாற்போல் தூங்கினார் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தக் கதை அதோடு நிற்கவில்லை. மறுபடியும் மறுபடியும் வந்தது. ஆற்றங்கரையில் உட்கார வைத்து அவித்த மரச்சீனிக் கிழங்கு வாங்கித் தந்தாராம். பாட்டுப் பாடினாராம். பாட்டு என்றதும்தான் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் முடிவுகட்டினார்.

கோபத்தைவிட அவருக்குப் பயம்தான் அதிகம். தன் முகத்தை வைத்துக்கொண்டு எவனோ ஒருவன் அவள் மனசுக்குள் குடியேறிவிட்டான். தன்னைவிட நல்லவனாக வேறு இருக்கிறான். ஒரு நாள் அவனைத் தேடிக்கொண்டு இவள் கல்லாற்றுக்குப் போகும் விதுரா பஸ்ஸில் ஏறிப் போயே போய்விட்டால்? அவளில்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. "ஒரு டாக்டரைப் பார்ப்போமா?" என்று அவளே கேட்டபோது, இது தீனம் என்று தன் நோயைத் தானே உணர்ந்துவிட்டாளே என்று நெகிழ்ந்துபோனார்.

டாக்டர் ஷைலஜா முதல் நாளே விளக்கமாகச் சொன்னார். "மனசு சிலருக்கு ரெண்டாப் பிரியும், கேட்டோ. ஒரு பாதி செய்யறது மறு பாதிக்குத் தெரியாது." தலைமேல் காந்தம் வைத்து அதைச் சரிசெய்து பார்க்கும் புதிய சிகிச்சை, கத்தியில்லை, ரத்தமில்லை, பலிக்கும் என்று உறுதியும் இல்லை. எல்லாவற்றையும் அவர் கோலப்பன் முகத்தைப் பார்த்தே சொன்னார். குடும்பத் தலைவனிடம் சொல்வதுதானே முறை? கோலப்பனும் தலைவனுக்குரிய முறுக்கோடு கையெழுத்துப் போட்டார்.

நர்ஸ் ஜினி வந்து, பொன், வெள்ளி, இரும்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, காந்தத்துக்கு ஆகாது என்றாள். பொன்னம்மை புருஷனைப் பார்த்தாள்.

"நீங்க முதல்ல இருங்கோ. எனக்குப் பயமா இருக்கு."

அது அவர்கள் வீட்டு வழக்கம். கஷாயமானாலும் காய்ச்சல் மருந்தானாலும் அவர் ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் அவள் குடிப்பாள். கோலப்பன் வாட்ச், மோதிரம், புதிதாக வாங்கிய செல்போன் எல்லாவற்றையும் கொடுத்தார். திரைக்குப் பின்னால் போய் வெள்ளி அரைஞாணையும் கழற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காந்த வளையம் தலையில் டக் டக்கென்று தட்டியது. இத்தனை காலம் தேங்காயைத் தட்டிப் பார்த்தவருக்கு இது வேண்டியதுதான்.

முடிந்ததும் கீழே இறங்கிப் போய் ஒரு சாயா குடித்துவிட்டு வருவார். அதற்குள் அவள் முறையும் முடிந்திருக்கும். மூக்குத்தி மின்ன, கொண்டை ஊசியில் செருகிய பிச்சிப்பூ கசங்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். என்ன நேர்த்தியான வேலை என்று டாக்டரை மனசுக்குள் மெச்சிக்கொள்வார்.

நடுவில் ஒரு நாள் டாக்டரைத் தனியாகப் பிடித்து, அந்தக் கல்லாற்றுக்காரன் ஒழிந்துவிடுவானா என்று கேட்டார்.

"ஒழிய வேண்டாம் சேட்டா. ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டாப் போதும்" என்றார் டாக்டர்.

ஒரே வீட்டில் ரெண்டு புருஷனா என்று முணுமுணுத்துக்கொண்டே கோலப்பன் படியிறங்கினார்.

இப்படியே வந்து போனதில் கல்லாறு என்ற பேச்சே நின்றுபோனது. தொலைந்தான் பயல் என்று அவருக்கு நிம்மதிதான். ஆனால் சாயங்காலங்களில் அவள் வாசலில் நின்று, பஸ் போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணும்போது அவருக்கே மனசு கஷ்டப்பட்டது.

இன்று கடைசி நாள். டக் டக் நின்றதும் கோலப்பன் வழக்கம்போல் சாயாவுக்குக் கிளம்பினார். அறை வாசலில் பொன்னம்மையின் பழைய செருப்பு கிடந்தது. வாரைத் தைத்துத் தைத்து அதில் தைக்க இனி இடமில்லை.

"இன்னும் இதைத்தான் போடுதியா? நல்ல செருப்புல ஒரு கால் ஆத்தோட போச்சுன்னு அன்னைக்கு அந்த அழுகை அழுதே. புதுசு வாங்கிக்கன்னு சொன்னேன்லா?" என்று திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

செருப்பு போன கதையை அவள் அவரிடம் சொன்னதே இல்லை.

காலில் ஆற்றுத் தண்ணீர் சில்லிட்டது. பாறையில் வெறுங்காலோடு நடக்க முடியாதவளை முதுகில் சுமந்துகொண்டு ரோட்டுக்கு வந்தது, அவள் சிரித்தது, மூச்சு வாங்க வாங்க அவர் பாடியது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. டாக்டர் மெஷினை அணைத்தார்.

கோலப்பன் அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்போ தீனம் உனக்கில்லையா?"

பொன்னம்மைக்குக் கண் நிறைந்திருந்தது. அதோடு சிரிப்பும் வந்தது.

"நான் ஒரு நாளாவது மூக்குத்தியைக் கழத்தியிருக்கேனா?"