மாதிரி வகுப்பு

"தம்பி, அந்த போன உள்ள வை. எந்திரிச்சு நின்னு பதில் சொல்லு."

சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது.

இரண்டாவது பெஞ்சில் இருந்தவர் துணைவேந்தர்.

சாக்பீஸ் பிடித்த கை அந்தரத்தில் நின்றது.

ஆசிரியர் வேலை நேர்காணலுக்கு வருகிறவர்கள் கொஞ்ச நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தேர்வுக் குழுவே மாணவர்களாகப் பெஞ்சில் உட்காரும். இந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு வழக்கம். வருகிறவர்கள் அந்த மாணவர்களைப் பார்த்து 'ஐயா அவர்களே' என்று குழைவார்கள். மாணவர்களும் பிஸ்கட்டைக் கடித்தபடி தலையாட்டுவார்கள். நாடகம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

அவளுக்கு அது மறந்துபோனது.

மறக்காமல் என்ன செய்யும்? இத்தனை வருடம் அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில்தான், மே மாதம் வந்தால் சம்பளம் கிடையாது. வேறு எந்தப் பிரிவிலும் இடம் கிடைக்காமல் தத்துவத்தில் வந்து விழுந்த பிள்ளைகளை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறி ஓடாத அறையில் தூங்கவிடாமல் வைத்திருந்தவள். கையில் சாக்பீஸ் ஏறிவிட்டால் எதிரே இருப்பது யாராக இருந்தாலும் பிள்ளைகள்தான்.

கேட்ட கேள்வியும் லேசுப்பட்டது அல்ல.

பேருந்தில் துறையூர் என்று பெயர் போட்டிருக்கிறது. ஒரு பெண் அதைப் பார்த்து ஏறுகிறாள். ஆனால் அந்தப் பெயர் நேற்று மாட்டியது. இன்று வண்டி நாமக்கல் போக வேண்டும், டிரைவர் மாற்ற மறந்துவிட்டார். கடைசி நேரத்தில் யாரோ உத்தரவு போட்டு, வண்டியைத் துறையூருக்கே மாற்றிவிட்டார்கள். டிரைவருக்கே அது இன்னும் தெரியாது.

வண்டி துறையூர் போகும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? இல்லை, அவள் நம்பியது தற்செயலாகப் பலித்ததா?

அறிவு என்றால் என்ன என்கிற பழைய கேள்விதான். அவள் அதைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

பக்கத்தில் இருந்த பதிவாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த பாட வல்லுநர் அம்மாள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார்.

மன்னிப்பு வாய் வரைக்கும் வந்துவிட்டது. சார், பழக்க தோஷம், தப்பா எடுத்துக்காதீங்க. அவ்வளவுதான், சொன்னால் தீர்ந்தது.

தத்துவத்துக்கு என்று அறிவித்திருந்தது ஒரே ஓர் இடம். அதுவும் எத்தனையோ வருடம் காத்திருந்து வந்தது. அடுத்த ஆண்டு அவள் வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். இதை விட்டால் மறுபடியும் அந்த மே மாதம்தான்.

எல்லாம் தெரியும்.

ஆனால் மன்னிப்புக் கேட்டால், இவ்வளவு நேரம் நடத்தியது பாடமே இல்லை என்று ஆகிவிடும். அங்கே கல்லூரியில் அவளிடம் திட்டு வாங்கிப் போனை உள்ளே வைத்த பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா?

"எந்திரிங்க," என்றாள்.

மரியாதையைச் சேர்த்துக்கொண்டாள். கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

துணைவேந்தர் அவளைப் பார்த்தார். பதிவாளரைப் பார்த்தார். போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

எழுந்தார். பெஞ்சுக்கும் டெஸ்குக்கும் நடுவில் வயிறு இடித்தது.

"கவனிக்கல, மேடம்."

அறுபதை நெருங்குகிற மனிதர். கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"உக்காருங்க. மறுபடி சொல்றேன். இந்தத் தடவ கவனிங்க."

முதலிலிருந்து ஆரம்பித்தாள். பேருந்தை மறுபடி பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தாள். அந்தப் பெண்ணை மறுபடி ஏற்றினாள்.

இந்த முறை பிஸ்கட் தட்டு அப்படியே இருந்தது.

தெரியும் என்றார் பதிவாளர். தெரியவே தெரியாது என்றார் வல்லுநர் அம்மாள். துணைவேந்தர் கையைத் தூக்கினார். அனுமதி கிடைக்கும்வரை தூக்கியபடியே இருந்தார்.

"அதான் துறையூர் போய்ச் சேந்துட்டாளே, மேடம். அப்புறம் என்ன?"

"போய்ச் சேர்றது வேற, சார். தெரியறது வேற."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, யோசித்தார்.

அந்த யோசனையை அவள் நன்றாக அறிவாள். மதிய வகுப்பில், வருடத்துக்கு நாலைந்து முகங்களில் அது வரும். அதற்காகத்தான் இத்தனை மே மாதங்களையும் கடந்து வந்திருக்கிறாள்.

நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டிய பதிவாளர் சொல்லவில்லை. அவர் வல்லுநர் அம்மாளிடம் தகராறு செய்துகொண்டிருந்தார். அவளே முடித்துக்கொண்டாள். அடுத்து வருகிறவருக்காகக் கரும்பலகையைத் துடைத்தாள். கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் மற்றவர்கள் மடியில் கோப்புகளோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட வேண்டிய அலுவலக உதவியாளர் கதவைப் பாதி திறந்தார். உள்ளே குரல்கள் உயர்ந்துகொண்டிருந்தன. என்ன நினைத்தாரோ, மெல்லச் சாத்திவிட்டார்.

முதல் நாற்காலியில் இருந்தவர் எழுந்து அவளிடம் வந்தார். சின்ன வயது.

"உள்ள ரொம்ப கேள்வி கேக்கறாங்களா, மேடம்?"

"அவங்க எங்க கேட்டாங்க? நான்தான் கேட்டேன்."