நடு கேட்

"கோட்டத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. அங்ஙனயே நில்லும்மா."

செக்யூரிட்டி பொம்மையன் போட்ட சத்தத்தில் புவனேஸ்வரி மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று கசங்கிக்கொண்டிருந்தது.

போன மாதம் வரை அங்கே கோடும் இல்லை, கேட்டும் இல்லை. குஜிலியம்பாறை ரோட்டில் மூவாயிரம் பேருக்குச் சோறு போட்டது ஒரே மில். இப்போது நூல் மில் ஒரு கம்பெனி, கார்மெண்ட்ஸ் வேறொரு கம்பெனி. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால்கூடக் கிணற்றைப் பொதுவில் விடுவார்கள். இங்கே குடிதண்ணீர்க் குழாயையும் பிரித்துவிட்டார்கள்.

ஆட்களையும் அப்படித்தான் பிரித்தார்கள். கார்மெண்ட்ஸ் ஆள் நூல் மில் பக்கம் வந்தால் வெளியாள். நடு கேட்டில் நிற்கும் காவலாளிகளுக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர் யாரும் இருக்கக் கூடாது, சாமான் கைமாறிவிடுமாம். "யாரும் இல்லை" என்று எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அப்படி எழுதிக் கொடுத்த ராயப்பராஜின் மச்சான் கார்மெண்ட்ஸில் இஸ்திரி போடுகிறார் என்று நேற்று தெரிந்தது. சாயங்காலமே ராயப்பராஜை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவருடைய ஷிப்டையும் சேர்த்து நேற்று ராத்திரியிலிருந்து பொம்மையன்தான் நிற்கிறார். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

சத்தம் கேட்டு ஆபீஸ் அறையிலிருந்து நூல் மில் மேனேஜர் இளஞ்செழியன் வெளியே வந்தார். சென்னையிலிருந்து இங்கே வந்து பத்து நாள்தான் ஆகிறது. அவரைக் கண்டதும் புவனேஸ்வரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னம்மா விஷயம்?"

"புள்ளைக்குக் காய்ச்சல் சார். விடியக்காலம் ஜன்னி கண்டுருச்சு. திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில சேத்து, எந்தங்கச்சிய ஒக்கார வச்சுட்டு வாரேன். புள்ளையோட அப்பாவுக்குச் சொல்லணும். போனு போக மாட்டேங்குது."

பொம்மையன் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது. தூங்காத கைக்குப் பிடி ஏது. குனிந்து எடுத்து நிமிர அவருக்குச் செத்த நேரம் பிடித்தது.

"டூட்டி நேரத்துல போனெல்லாம் இங்க வாங்கி வச்சிடறோம்மா," என்றார் மேனேஜர். "அப்பா நம்ம பக்கம் வேலை பார்க்கிறாரா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

டீ நேரம் என்பதால் அவளோடு வேலை செய்யும் கார்மெண்ட்ஸ் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அவள் பின்னால் கூடிவிட்டார்கள். அதில் ரோசலினும் இருந்தாள். போன வாரம் குழாயைப் பிரித்தபோது, "தண்ணிக்கு என்ன சார் கம்பெனி?" என்று இதே மேனேஜரிடம் மல்லுக்கு நின்றவள். இன்றைக்கு மேனேஜரைப் பார்த்தாள், பொம்மையனைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டாள். வயிற்றுப் பயம் யாரை விட்டது.

மேனேஜருக்கே மனசு இளகிவிட்டது. "பாவம், அஞ்சு நிமிஷம் விடலாம் பொம்மையன். இவங்க வீட்டுக்காரர் பேரை நோட்ல எழுதி, ஆளைக் கூப்பிட்டு விடுங்க. பேர் என்னம்மா?"

புவனேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பேரைச் சொல்லுங்கம்மா."

"வேணாம் சார்," என்று குறுக்கே புகுந்தார் பொம்மையன். "இன்னைக்கு ஒரு ஆளுக்கு விட்டா நாளைக்கு முப்பது பேரு காய்ச்சல்னு வந்து நிப்பாக. நீங்க ஊருக்குப் புதுசு. ஒங்களுக்குத் தெரியாது."

"கையில சீட்டு வச்சிருக்காங்களே?"

மேனேஜர் கை நீட்டுவதற்குள் பொம்மையன் எட்டி அந்தச் சீட்டைப் பிடுங்கினார். நாலு வரிச் சீட்டைப் படிக்க அம்புட்டு நேரம் தேவையில்லை. படித்துவிட்டு எட்டாக மடித்து அவள் உள்ளங்கையிலேயே திணித்தார்.

"பழைய சீட்டு மாதிரி இருக்கு சார். போம்மா. போயி ஒங்கம்பெனியில சொல்லு, அவுக பாத்துக்கிருவாக."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கூட்டத்தில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். புவனேஸ்வரி கண்ணில் தளும்பியதைத் துடைக்காமல் திரும்பி நின்றுகொண்டாள்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். "கொஞ்சம் கடுமையாத்தான் இருக்கீங்க. ஆனா கேட்ல நிக்கிற ஆள் இப்படித்தான் இருக்கணும். ராயப்பராஜ் இப்படி இருந்திருந்தா அவருக்கு வேலை போயிருக்காது."

"ஆமா சார்."

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கேட்டுக்கு மேலே கேமரா மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. ரோசலின் மெல்ல நகர்ந்து வந்து அதற்கும் புவனேஸ்வரிக்கும் நடுவில் நின்றாள். மற்ற பெண்களும் டீ டம்ளரோடு அவளை ஒட்டி நின்றுகொண்டார்கள்.

பொம்மையன் எழுதுவதுபோல நோட்டின் மேல் குனிந்தார். பேனா ஓடவில்லை. காகிதத்தில் ஒரு சொட்டு விழுந்து பரவியது.

தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"புவனா, நம்ம பாப்பா கண்ணு முழிச்சுச்சா?"