கட்டைவிரல் ஜெபம்

"வாலிபப் பிள்ளைங்க சபைக்குள்ள உக்காந்து வீடியோ கேம் விளையாடுதுங்க பாஸ்டர்! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!"

செயலர் மேஜையைத் தட்டிய தட்டில் தண்ணீர் டம்ளர் குதித்தது. ஆராதனை முடிந்த கையோடு கமிட்டியைக் கூட்டியதே அவர்தான்.

கமிட்டி என்றால் என்ன, மூன்று பேர். போதகர், செயலர், பாட்டுக்குழு அக்கா. எதிரில் வாலிபர் கூட்டத்தை நடத்துகிற பெண். பல் ஆஸ்பத்திரியில் வேலை. சின்ன வயதில் அடித்த லூட்டிக்கு 'வாலு' என்று பேர் விழுந்து, இன்னும் அதுவே நிற்கிறது.

"விளையாடல ஐயா, ஜெபம் பண்றாங்க," என்றாள் வாலு.

"ரெண்டு கட்டைவிரலையும் ஃபோன்ல வெச்சுக்கிட்டா? யாருக்கும்மா காது குத்துறே?"

"அதுக்குன்னு ஒரு ஆப், அப்படித்தான் ஐயா செஞ்சு வெச்சிருக்கோம். நோட்டீஸ் போர்டுல நம்பர் போட்டிருக்கோம்ல, அதுக்கு வர்ற விண்ணப்பம் பேரில்லாம எங்க ஃபோன்ல வரும். ரெண்டு கட்டைவிரலையும் ஒரு நிமிஷம் எடுக்காம வெச்சு ஜெபிக்கணும். எடுத்தா திரும்ப முதல்ல இருந்து. விரல் ரெண்டும் மாட்டிக்கிட்டா வேற எதையும் நோண்ட முடியாது பாருங்க."

போதகருக்கு ஆசை வந்துவிட்டது. "கொடு, பார்ப்போம்."

வாங்கி, விரல்களை வைத்து, கண்ணை மூடினார். இருபதாவது வினாடியில் காதோரம் ஒரு கொசு. கை தானாகப் போய்விட்டது.

"போச்சு! மறுபடியும் ஆரம்பிங்க பாஸ்டர்," என்று சிரித்தாள் அக்கா.

செயலர் சிரிக்கவில்லை. "முழங்கால் போடாத ஜெபம் என்ன ஜெபம்? மனசு உடைஞ்சு ஒருத்தர் எழுதி அனுப்புறார். இதுங்களுக்கு அது விளையாட்டுச் சாமான்!"

போதகர் திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். "'மகளுக்கு ஒரு ஃபோன் பண்ணணும். நாலு வருஷமா நம்பரை எடுக்கிறேன், வைக்கிறேன். கோபம் போயிடுச்சு, வீம்பு போகல. எனக்காக ஜெபியுங்கள்.' இதுக்கு முப்பத்தெட்டுப் பேர் ஜெபிச்சிருக்காங்க."

"அடப் பாவமே!" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "யாரு பெத்த அப்பனோ, அம்மாவோ. ஆமா ஐயா, உங்க பொண்ணு எப்படி இருக்கா?"

"அவளுக்கென்ன, தினமும் பேசுறா," என்ற செயலர், டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார். "பேர் போடத் தைரியம் இல்லாதவங்களுக்கு எல்லாம் ஊர்கூடி ஜெபமா? நிறுத்துங்க பாஸ்டர். இல்லைன்னா என் ராஜினாமாவை வாங்கிக்கோங்க."

"எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார் போதகர்.

"நம்பர் எனக்கு மட்டும் வரும் பாஸ்டர். பதில் போடணும்ல. ஆனா அது என்னோட இருக்கட்டும்."

செயலர் டம்ளரைக் கீழே வைத்தார். நம்பர்தானே, சின்னப் பொண்ணு, பார்த்ததும் மறந்திருப்பாள் என்று நினைத்தாரோ என்னமோ, மறுபடி முறுக்கிக்கொண்டார்.

போதகர் நல்ல மனிதர்தான். ஆனால் இருபது வருஷச் செயலரை விட்டுவிட முடியுமா? நெற்றியைத் தேய்த்தார்.

"சபையில சமாதானம் வேணும்மா. இப்போதைக்கு நிறுத்திடு."

வாலுவின் முகம் சுருங்கிப்போனது. ஆறு மாச உழைப்பு. வேலை முடிந்து வந்து, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செய்தது. பாவம், அழுதுவிடுவாள் போலிருந்தது. அழவில்லை.

"சரி பாஸ்டர். விண்ணப்பம் அனுப்பினவங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். வீட்டுக்குப் போய் அனுப்புறேன்."

"வீட்டுக்குப் போறதெல்லாம் வேண்டாம்," என்றார் செயலர். "இப்பவே, எங்க கண் முன்னாடியே அனுப்பு. அதோட இந்தக் கூத்து முடியட்டும்."

வாலு அவரையே ஒரு கணம் பார்த்தாள்.

"அப்ப எல்லாரும் ஃபோனை சைலண்ட்ல போடுங்களேன், ப்ளீஸ்."

"பார்த்தீங்களா! ஃபோனும் கையுமா அலையறவ நமக்குப் புத்தி சொல்றா," என்று முணுமுணுத்துக்கொண்டே செயலரும் போட்டார். அவர் தட்டித் தடவிப் போட்டு, சட்டைப் பையில் திரும்ப வைக்கிற வரைக்கும் அவள் காத்திருந்தாள். அப்புறம்தான் தட்டினாள்.

செயலரின் சட்டைப் பை லேசாக அதிர்ந்தது.

எடுத்துப் பார்த்தார்.

'இந்த ஏற்பாடு இன்னையோட நிக்குது. உங்களுக்காக நாங்க ஜெபிக்கிறது நிக்காது.'

ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி படித்தார். நிமிர்ந்தால், வாலு அவரைப் பார்க்கவே இல்லை. குனிந்து பையை மூடிக்கொண்டிருந்தாள். ஃபோனை எதற்குச் சைலண்ட்டில் போடச் சொன்னாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள்.

"அப்ப முடிச்சுக்கலாம். ஐயா, ஜெபம் பண்ணுங்க," என்றார் போதகர்.

செயலர் எழுந்தார். கையில் இருந்த ஃபோனில் எதையோ மாற்றி, சத்தத்தை முழுசாகக் கூட்டி, மேஜை நடுவில் எல்லாரும் பார்க்கும்படி வைத்தார்.

"அதையே இன்னொரு தடவை அனுப்பும்மா," என்றார். "இவங்களுக்கும் கேக்கட்டும்."