ஜன்னலோரம் ஒரு காலா லில்லி

“இப்ப கண்ணைத் திற” என்றான் கணவன்.

திறந்தாள். பூத்த காலா லில்லித் தொட்டியை இடுப்பில் குழந்தை மாதிரி இடுக்கிக்கொண்டு நின்றிருந்தான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் மனுஷன் வாங்கிவந்த முதல் பூ. அவள் இதழைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“வாசல் பாத்தியில நட்டுடலாங்க. கிழங்கு பெருகி அடுத்த வருஷம் பத்துப் பூ பூக்கும்.”

“வேண்டாம், அங்க வெயில் கொளுத்துது. தொட்டியிலயே இருக்கட்டும்.” உள்ளே கொண்டுபோய் ஜன்னல் திட்டில் வைத்தான்.

அது துரை படுக்கும் இடம். துரை என்றால் பூனை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். ‘ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்’ என்று வருஷக்கணக்காகக் குதித்த கணவன், ஒரு மாதமாக அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. இன்றைக்குப் பூவும் வாங்கி வந்துவிட்டான். ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டார் என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

மூன்றாம் நாள் காலையில் துரை எச்சில் வடியக் கிடந்தான். நாக்கு வீங்கி, தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை.

கால்நடை டாக்டர் அவன் பல்லிடுக்கிலிருந்து ஒரு துணுக்கு இலையை எடுத்தார். “வீட்டுல காலா லில்லி இருக்கா? பூனை கடிச்சா வாயெல்லாம் வெந்துடும்மா. ட்ரிப்ஸ் போட்டிருக்கேன். வீக்கம் மூச்சை அடைக்காம இருந்தா பிழைச்சுக்கும். நாளைக்குத்தான் சொல்ல முடியும்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விற்கத் தெரிந்த நர்சரிக்காரனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா?

“வண்டியை எடுங்க. அந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்.”

“விடும்மா. விக்கறவனுக்கு என்ன தெரியும், பாவம்” என்று அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான் கணவன்.

அவள் விடவில்லை. தொட்டியில் ஒட்டியிருந்த நர்சரிப் பேரைப் பார்த்துக்கொண்டு தனியாகவே ஆட்டோ பிடித்துப் போனாள்.

நர்சரிக்காரர் பச்சை வலைக்கு அடியில் உட்கார்ந்து, கிழங்குகளை முளை மேலே பார்க்கத் தொட்டிகளில் வைத்து மண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“பூனை இருக்கிற வீட்டுக்கு இந்தச் செடியைக் குடுத்திருக்கீங்களே, நீங்க மனுஷன்தானா? பெத்த பிள்ளை மாதிரி வளத்தேன். உயிருக்கு இழுத்துக்கிட்டுக் கிடக்கு.” போனில் கணவனின் படத்தைக் காட்டினாள். “இவர்தான் வாங்கிட்டு வந்தாரு. இது ஆபத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“சொன்னேம்மா. சொன்னப்புறம்தான் கையில எடுத்த ரோஜாவைத் திருப்பி வச்சுட்டு, இதைக் குடுன்னாரு.”